பலிபீடமும் பந்தியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அன்பே உருவானவர் என்று நாம் அறிக்கையிடும் கடவுள், மன்னிப்பதற்கு ஏன் இரத்தம் கேட்கிறார்? லேவியராகமத்தை வாசிக்கத் தொடங்கி, ஏழாம் அதிகாரத்தைத் தாண்ட முடியாமல் மூடிவைத்துவிட்டேன். வெட்டுவது, தெளிப்பது, எரிப்பது என்றே போகிறது. சிலுவையும் இதே கணக்கில்தான் வருகிறதா?

பதில்: நீங்கள் மூடிவைத்த அந்த ஏழு அதிகாரங்களிலிருந்தே தொடங்குவோம். சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரண பலி, குற்றநிவாரண பலி என ஐந்து வகைக் காணிக்கைகளை அவை விளக்குகின்றன. இவற்றுக்குப் பொதுவாக எபிரேய மொழி பயன்படுத்தும் சொல் 'கொர்பான்' என்பதாகும். 'கிட்டே வருதல்' என்ற பொருளுள்ள வேரிலிருந்து பிறந்த சொல் அது. தமிழில் 'பலி' என்றவுடன் நம் மனம் கத்தியை நினைக்கிறது; எபிரேயச் சொல்லோ தொலைவில் நிற்கிற ஒருவன் நெருங்கி வருவதை நினைக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் வாசித்தால், அதே வரிகள் வேறு விதமாகப் பேசத் தொடங்கும் என்பது என் அனுபவம்.

முதல் அதிகாரத்தையே சற்று அருகில் சென்று பாருங்கள். ஒருவன் தன் மந்தையிலிருந்து பழுதற்ற காளையைக் கூடார வாசலுக்குக் கொண்டுவருகிறான். அதன் தலைமேல் தன் கையை வைக்கிறான். பிறகு அதைக் கொல்கிறவன் யார்? ஆசாரியன் என்றுதான் பெரும்பாலோர் எண்ணுகிறோம். வசனம் அப்படிச் சொல்லவில்லை. கொண்டுவந்தவனே கொல்கிறான், இரத்தத்தை ஏந்திப் பலிபீடத்தைச் சுற்றிலும் தெளிப்பதில்தான் ஆசாரியனுடைய வேலை ஆரம்பமாகிறது. அதாவது, அந்தச் சடங்கின் மையம் கொலையில் இல்லை. உயிரைக் கடவுளுடைய சந்நிதியில் ஒப்படைப்பதே மையம். 'மாம்சத்தின் உயிர் இரத்தத்தில் இருக்கிறது' என்று லேவியராகமம் 17:11 சொல்லும் காரணமும் அதுதான். அதே வசனத்தின் அடுத்த பகுதியை எபிரேய மூலத்தில் வாசித்தால், பாவநிவிர்த்திக்காக அந்த இரத்தத்தை 'நான் உங்களுக்குக் கொடுத்தேன்' என்று கடவுள் சொல்வதைக் காணலாம். கேட்கிறவர் என்று நாம் நினைத்தவரே அங்கே கொடுக்கிறவராக நிற்கிறார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பாவநிவாரணத்துக்கு ஆடு கொண்டுவர வசதியில்லாதவன் இரண்டு காட்டுப்புறாக்களையோ இரண்டு புறாக்குஞ்சுகளையோ கொண்டுவரலாம். அதற்கும் வழியில்லாதவன் ஓர் எப்பாவில் பத்தில் ஒரு பங்கு, ஏறக்குறைய 2 லிட்டர் அளவு மெல்லிய மாவைக் கொண்டுவரலாம் என்று ஐந்தாம் அதிகாரம் அனுமதிக்கிறது. மாவில் இரத்தம் ஏது? ஆனாலும் அவன் மன்னிக்கப்படுகிறான் என்று வசனம் தெளிவாகச் சொல்கிறது. 'இரத்தஞ்சிந்துதலில்லாமல் மன்னிப்பு உண்டாகாது' என்ற எபிரெயர் 9:22 நம் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த வசனத்தின் முற்பகுதியில் 'கொஞ்சங்குறைய எல்லாம்' என்றொரு சொற்றொடர் இருப்பதை மட்டும் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்தக் 'கொஞ்சங்குறைய'வுக்குள் இந்த ஏழையின் மாவு அடங்கியிருக்கிறது என்றே நான் வாசிக்கிறேன்.

ஆகவே கடவுளுக்கு இரத்தத்தின்மேல் பசி என்ற எண்ணத்தை வேதமே அனுமதிக்கவில்லை. நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லமாட்டேன், பூமியும் அதன் நிறைவும் என்னுடையவை என்று 50ஆம் சங்கீதம் அந்த எண்ணத்தைக் கடிந்துகொள்கிறது. 'பலியை அல்ல இரக்கத்தையும், தகனபலிகளைப்பார்க்கிலும் தேவனை அறிகிற அறிவையும் விரும்புகிறேன்' என்று ஓசியா எழுதியதை, மத்தேயு நற்செய்தியில் இயேசு இரண்டு முறை எடுத்துச் சொல்கிறார்.

சிலுவைக்கு வருவோம். கோபம் கொண்ட தந்தை குற்றமற்ற மகனை அடித்துத் தன் சினத்தைத் தணித்துக்கொண்டார் என்பது போன்ற பிரசங்கங்கள் பலருடைய விசுவாசத்தைக் காயப்படுத்தியிருக்கின்றன. உங்கள் கேள்விக்குப் பின்னாலும் அந்தக் காயம் இருக்கக்கூடும். மீட்பின் விலை யாருக்குச் செலுத்தப்பட்டது என்ற கேள்வியை 4ஆம் நூற்றாண்டிலேயே நசியான்சு நகரக் கிரகோரியார் எழுப்பினார்; சாத்தானுக்கு என்பதை அவர் வெறுத்து ஒதுக்கினார்; ஈசாக்கின் பலியையே ஏற்றுக்கொள்ளாத தந்தை தம் ஒரே மகனுடைய இரத்தத்தில் எப்படி மகிழ்வார் என்றும் கேட்டார். புதிய ஏற்பாட்டில் செயல்படுகிறவர் முழுவதும் கடவுளே: கிறிஸ்துவுக்குள் உலகத்தைத் தம்முடன் ஒப்புரவாக்கினவர் கடவுள் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதுகிறார், என் உயிரை ஒருவனும் என்னிடமிருந்து எடுத்துக்கொள்வதில்லை, நானே அதைக் கொடுக்கிறேன் என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்கிறார். எபிரெயர் பத்தாம் அதிகாரம் 40ஆம் சங்கீதத்தை அவர் வாயில் வைத்து, 'உமது சித்தத்தைச் செய்ய வருகிறேன்' என்பதையே அந்தப் பலியின் உள்ளடக்கமாகக் காட்டுகிறது. நெருங்கி வர முடியாமல் நின்றவர்களிடம் கடவுளே நெருங்கி வந்தார். அந்த வருகைக்கு மனிதர்கள் கொடுத்த பதில் சிலுவை. அந்தச் சிலுவையையும் அவர் தம்மையே கொடுக்கும் கொடையாக மாற்றினார். லேவியராகமத்தை மறுபடியும் திறந்து வாசியுங்கள்.

கேள்வி: கிறிஸ்து 'ஒரேதரம்' பலியானார் என்று எபிரெயர் நிருபம் சொல்லும்போது, கத்தோலிக்கர் ஒவ்வொரு நாளும் திருப்பலி ஒப்புக்கொடுப்பது எப்படிப் பொருந்தும்? கத்தோலிக்கக் குடும்பத்தில் திருமணமாகி வந்த எனக்கு இது வீட்டுக்குள்ளேயே விவாதமாகிவிட்டது. சீர்திருத்த சபைகளில் போதகரை ஏன் ஆசாரியர் என்று அழைப்பதில்லை என்பதையும் சேர்த்து விளக்குங்கள்.

பதில்: இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில்தான் சொற்குழப்பம் அதிகம். பலிசெலுத்தும் ஆசாரியரைக் குறிக்கக் கிரேக்கத்தில் 'ஹியரெயுஸ்' என்ற சொல் உண்டு. மூப்பரைக் குறிக்கும் சொல் 'பிரெஸ்பிட்டெரோஸ்'. புதிய ஏற்பாடு சபையின் ஊழியர் எவரையும் முதல் சொல்லால் அழைக்கவே இல்லை. அவர்களுக்கு மூப்பர், கண்காணி, உதவிக்காரர் என்ற பெயர்களே உள்ளன. 'ஹியரெயுஸ்' என்ற பெயர் யூத ஆசாரியர் போன்றோருக்கும், எபிரெயர் நிருபத்தில் கிறிஸ்துவுக்கும், வெளிப்படுத்தின விசேஷத்தில் விசுவாசிகள் அனைவருக்கும் வழங்கப்படுகிறது. சீர்திருத்த சபையினர் போதகர், ஆயர் என்ற பெயர்களோடு நின்றுகொள்வதற்கு இதுவே அடிப்படை. பவுல் மட்டும் ரோமர் 15:16இல், நற்செய்தி அறிவிக்கும் தம் பணியை ஆசாரிய ஊழியத்துக்குரிய சொல்லால் குறிப்பிடுகிறார். அது ஓர் உருவகமா, அல்லது பின்னால் வளர்ந்த குருத்துவத்தின் விதையா என்பதில் மரபுகள் பிரிகின்றன. 3ஆம் நூற்றாண்டில், கார்த்தேஜ் நகர ஆயர் சிப்ரியான் காலத்திலேயே, நற்கருணையை, அதாவது அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்தை, நடத்துகிற ஆயர் கிறிஸ்துவின் இடத்தில் நின்று பலி ஒப்புக்கொடுக்கிறார் என்ற பேச்சு தெளிவாக இருக்கிறது.

தமிழில் 'ஆசாரியர்' என்று பழைய மொழிபெயர்ப்பும், 'குரு' என்று கத்தோலிக்க வழக்கும் சொல்வதை இங்கே குறிப்பிடலாம். 'குரு' என்பது ஆசிரியருக்குரிய சொல்லாயிற்றே, பலிக்கு எப்படிப் பொருந்தும் என்று சிலர் கேட்பதுண்டு. ஆசாரியனுடைய உதடுகள் அறிவைக் காக்கவேண்டும் என்று மல்கியா சொல்லியிருப்பதை எண்ணினால், அந்தச் சொல்லும் பழுதில்லை.

இனி 'ஒரேதரம்'. எபிரெயர் பத்தாம் அதிகாரத்தில் ஒரு நுட்பமான காட்சி இருக்கிறது. எந்த ஆசாரியனும் நாள்தோறும் நின்றுகொண்டே ஊழியம் செய்கிறான்; கிறிஸ்துவோ ஒரே பலியைச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார் என்கிறது. ஆசரிப்புக் கூடாரத்தின் பொருள்களை யாத்திராகமம் ஒவ்வொன்றாக விவரிக்கிறது: மேசை உண்டு, குத்துவிளக்கு உண்டு, தூபபீடம் உண்டு, ஆசாரியன் உட்காருவதற்கு ஓர் இருக்கை சொல்லப்படவில்லை. முடியாத வேலைக்கு இருக்கை எதற்கு? கிறிஸ்து உட்கார்ந்தார் என்பதால் அந்த வேலை முடிந்தது என்று சீர்திருத்தவாதிகள் சொன்னார்கள். 1520இல் மார்ட்டின் லூத்தர், நற்கருணை என்பது நாம் கடவுளுக்குச் செலுத்தும் ஒன்று அன்று, கடவுள் நமக்கு வாக்களித்துத் தரும் உடன்படிக்கை என்று வாதிட்டார். ஆங்கிலிக்கன் சபையின் 39 விதிகளில் 31ஆவது விதி, திருப்பலிகளை அன்றைய கடுமையான மொழியிலேயே கண்டிக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு என்ன பதில் சொன்னது என்பதை அதன் சொந்த வாயாலேயே கேட்க வேண்டும். 1562இல் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் வகுத்த போதனையின்படி, சிலுவையில் பலியானவரும் திருப்பலியில் ஒப்புக்கொடுக்கப்படுகிறவரும் ஒருவரே. அன்று தம்மையே ஒப்புக்கொடுத்தவரே இன்று குருக்களின் பணி வழியாக ஒப்புக்கொடுக்கிறார். ஒப்புக்கொடுக்கும் முறை மட்டுமே வேறு, இங்கே இரத்தம் சிந்தப்படுவதில்லை. ஆகவே இது இரண்டாவது பலி அன்று. முடிந்துபோன ஒரே பலி இன்றைய பந்தியில் பிரசன்னமாவது என்பதே அவர்களுடைய நம்பிக்கை. அதே எபிரெயர் நிருபம், உட்கார்ந்திருக்கும் அந்த ஆசாரியர் நமக்காகப் பரிந்துபேச எப்பொழுதும் உயிரோடிருக்கிறார் என்றும் ஏழாம் அதிகாரத்தில் சொல்கிறது. பலி முடிந்தது, ஆசாரியத்துவம் முடியவில்லை. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினரும் நிற்பது இந்த இடத்தில்தான். யோவான் கிறிசோஸ்தோம் பெயரால் வழங்கும் கிழக்கத்திய வழிபாட்டில் குரு தாழ்ந்த குரலில், 'ஒப்புக்கொடுப்பவரும் ஒப்புக்கொடுக்கப்படுபவரும் நீரே' என்று கிறிஸ்துவை நோக்கி மன்றாடுவார். குருத்துவத்தையும் பலியையும் ஒரே ஆளுக்குள் கொண்டுவந்து நிறுத்தும் இந்த ஒரு வரியை எந்தச் சபையாரும் தயக்கமின்றிச் சொல்ல முடியும் என்று நான் நம்புகிறேன்.

உங்கள் வீட்டு விவாதத்துக்கு ஒன்று சொல்கிறேன். கத்தோலிக்கர் கிறிஸ்துவை மீண்டும் மீண்டும் கொல்கிறார்கள் என்பது அவர்கள் கற்பிக்காத ஒன்றை அவர்கள் மேல் ஏற்றுவதாகும். அப்படியே, சீர்திருத்த சபையினருக்குத் திருவிருந்து வெறும் ஞாபகக் கூட்டம்தான் என்பதும் நியாயமன்று; லூத்தர் அப்பத்திலும் ரசத்திலும் கிறிஸ்துவின் மெய்யான பிரசன்னத்தை விடாமல் பற்றிக்கொண்டார்; கால்வினும் ஆவியானவரால் நாம் கிறிஸ்துவில் மெய்யாகவே பங்குபெறுகிறோம் என்றே போதித்தார். 'என்னை நினைவுகூரும்படி' என்ற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல் 'அனம்னேசிஸ்'. மறந்துபோனதை ஞாபகப்படுத்திக்கொள்வதைவிட ஆழமான பொருளை அந்தச் சொல் தாங்குகிறது. கடவுள் செய்ததன் வல்லமை இன்றும் நம்மேல் செயல்படும்படி அவர் முன் நினைவுகூர்வதாகும். 1982இல் லீமா நகரில் பல சபைகளின் இறையியலாளர்கள் சேர்ந்து உருவாக்கிய ஆவணம் இந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நெடுந்தூரம் உடன்பட்டது. குரு யார், அவர் பலி ஒப்புக்கொடுக்கிறாரா என்பதில் வேறுபாடு இன்னும் இருக்கிறது. அதை இல்லையென்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நான் விரும்பவில்லை.

கேள்வி: மெல்கிசேதேக்கு யார்?

பதில்: ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் மூன்றே வசனங்களில் வந்து போகும் சாலேமின் ராஜா. உன்னதமான தேவனுடைய ஆசாரியர். அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்து ஆபிராமை ஆசீர்வதித்தார்; ஆபிராம் அவருக்குத் தசமபாகம் கொடுத்தார். 110ஆம் சங்கீதம் அவருடைய பெயரை ஒருமுறை சொல்கிறது. இயேசு யூதா கோத்திரத்தில் பிறந்தவர். லேவி கோத்திரத்தார் அல்லாததால் எருசலேம் ஆலயத்தின் பரிசுத்த ஸ்தலத்துக்குள் கால்வைக்கும் உரிமைகூட அவருக்குச் சட்டப்படி இல்லை. அப்படிப்பட்டவரை எப்படிப் பிரதான ஆசாரியர் என்று அழைப்பது என்ற கேள்விக்கு, லேவி பிறப்பதற்கு முன்பே வேறொரு ஆசாரியத்துவம் இருந்ததே என்று எபிரெயர் நிருபம் மெல்கிசேதேக்கைக் காட்டிப் பதில் சொல்கிறது.

கேள்வி: எங்கள் சபையின் ஊழியர் பணவிஷயத்தில் நேர்மையற்றவர் என்று தெரிந்தபின், அவர் கையால் அப்பம் வாங்க மனம் ஒப்பவில்லை. அந்தத் திருவிருந்து செல்லுமா?

பதில்: செல்லும். உரோமைப் பேரரசன் தியோக்கிளேசியன் காலத்துத் துன்புறுத்தலில் வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்ட ஆயர்கள் கொடுத்த ஞானஸ்நானம், நற்கருணை போன்ற அருட்சாதனங்கள் செல்லாது என்று 4ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் தொனாத்தியர் பிரிந்துபோனார்கள். அவர்களுக்குப் புனித அகுஸ்தீன் சொன்ன மறுமொழி, பேதுரு ஞானஸ்நானம் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து, யூதாஸ் கொடுத்தாலும் கொடுப்பவர் கிறிஸ்து என்பதாகும். ஆசாரியர் ஒருவரே என்று நம்புகிறவர்கள் வேறு விதமாகச் சொல்ல முடியாது.

ஆனால் இந்தப் பதிலைத் தவறு செய்கிறவர் ஒளிந்துகொள்ளும் திரையாக ஆக்கிவிடக் கூடாது. ஆசாரியனான ஏலியின் மகன்கள் சீலோவில் ஆசாரியராயிருந்து செய்ததை 1 சாமுவேல் இரண்டாம் அதிகாரம் எவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறது பாருங்கள். இறைச்சி வெந்துகொண்டிருக்கும்போதே வேலைக்காரன் மூன்று கூருள்ள கருவியோடு வந்து பானைக்குள் குத்துவான். அதில் வருவதையெல்லாம் ஆசாரியன் எடுத்துக்கொள்வான். கொழுப்பைக் கடவுளுக்கு எரிக்கும் முன்பே பச்சை இறைச்சி வேண்டும் என்பான். மறுத்தால் பலவந்தமாக எடுத்துக்கொள்வேன் என்று மிரட்டுவான். மனிதர் பலியையே வெறுக்கும்படி ஆனது என்பதுதான் அவர்கள் செய்த பெரும் பாவமாக அங்கே சொல்லப்படுகிறது. இன்று உங்களுக்கு மனம் ஒப்பாமல் போனது அதே துயரம். அப்பத்தை வாங்குங்கள், கணக்கையும் கேளுங்கள். தனியாக மனத்துக்குள் புழுங்காமல், சபையில் அதற்குரிய பொறுப்பில் உள்ளவர்களிடம் எழுத்திலேயே கொடுங்கள். தகுதியற்ற ஊழியரால் அருட்சாதனம் கெடாது என்று சொல்லும் அதே ஆங்கிலிக்கன் 26ஆவது விதி, அப்படிப்பட்டவரை விசாரித்து, குற்றம் உறுதியானால் நீக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் கணவரைச் சில ஆண்டுகளாக நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன். ஆலயத்துக்குப் போய் மாதக்கணக்காகிறது. 'ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்' என்று பேதுரு எழுதியதை நேற்று வாசித்து அழுதுவிட்டேன். நான் எதைச் செலுத்துகிற ஆசாரியர்?

பதில்: அம்மா, ஆசாரியரின் ஒரு நாள் எப்படித் தொடங்கும் என்று லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தில் எழுதியிருக்கிறது. விடிந்ததும் அவர் சணல்நூல் அங்கியை உடுத்திக்கொண்டு, இரவெல்லாம் எரிந்த பலியின் சாம்பலை அள்ளிப் பலிபீடத்தின் பக்கத்தில் கொட்டுவார். பிறகு அந்த உடையைக் கழற்றி வேறு உடை மாற்றிக்கொண்டு, சாம்பலைப் பாளயத்துக்கு வெளியே சுமந்துகொண்டுபோவார். திரும்பி வந்து, நெருப்பு அணையாதபடி விறகு அடுக்குவார். ஆடல் பாடலோ வாழ்த்தொலியோ இல்லாத வேலை. அள்ளுவது, சுமப்பது, துணி மாற்றுவது, மறுநாள் மீண்டும் அதையே செய்வது. வேதம் அதற்குப் பரிசுத்தமான ஊழியம் என்று பெயர் வைத்திருக்கிறது. உங்கள் விடியற்காலைகளை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். என்னால் ஊகிக்க முடிகிறது. உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள் என்று பவுல் ரோமருக்கு எழுதியபோது, நோவும் களைப்பும் உள்ள இந்தச் சரீரத்தையேதான் சொன்னார்.

பிரதான ஆசாரியரின் உடையைப் பற்றியும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அவருடைய தோள்களில் இரண்டு கோமேதகக் கற்கள். ஒவ்வொன்றிலும் ஆறு கோத்திரங்களின் பெயர்கள். மார்ப்பதக்கத்தில் நான்கு வரிசையாகப் பன்னிரண்டு கற்கள்; அதே பன்னிரண்டு பெயர்கள் மறுபடியும், இந்த முறை இதயத்தின்மேல். ஆக, பரிசுத்த ஸ்தலத்துக்குள் அவர் தனியாக நுழைந்தாலும் தனியாக நுழைவதில்லை. நீங்கள் உங்கள் கணவருடைய பெயரைச் சொல்லி ஜெபிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த வேலையைத்தான் செய்கிறீர்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் திருச்சபை பற்றி வெளியிட்ட கொள்கைத் திரட்டு இதைப் பொதுக் குருத்துவம் என்று அழைக்கிறது. பணிக் குருத்துவத்திலிருந்து அது வேறானது, ஆனாலும் இரண்டும் கிறிஸ்துவின் ஒரே குருத்துவத்தில் பங்குபெறுகின்றன என்கிறது. லூத்தர் 1520லேயே ஞானஸ்நானம் பெற்ற அனைவருக்கும் இது உண்டு என்று உரக்கச் சொன்னார். இதில் மட்டும் இரு தரப்பும் ஒன்றாக உங்கள் பக்கம் நிற்கின்றன.

ஆனால் உங்கள் கடிதத்தில் 'ஒருத்தியே' என்ற சொல் என்னை உறுத்துகிறது. துன்பத்தைத் தனியே சுமப்பதுதான் பலி என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அது வேதம் சொல்வதன்று. ஆரோனின் வம்சத்தார் 24 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டு முறைவைத்து ஊழியம் செய்தார்கள் என்று முதலாம் நாளாகமம் சொல்கிறது. யோவான் ஸ்நானகனின் தந்தை சகரியா அபியா வகுப்பைச் சேர்ந்தவர் என்று லூக்கா எழுதுகிறார். அவருக்கும் முறை முடிந்தால் வீட்டுக்குப் போகிற நாள் இருந்தது. உங்கள் சபையில் இரண்டு பேரைக் கேளுங்கள்: வாரத்தில் ஒரு பிற்பகல் ஒருவர் வந்து கணவருடன் இருக்கட்டும், நீங்கள் தூங்குங்கள் அல்லது ஆலயத்துக்குப் போய் வாருங்கள். உங்கள் பங்குத்தந்தைக்கோ போதகருக்கோ இன்றே சொல்லியனுப்பி, நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். 2ஆம் நூற்றாண்டின் நடுவில் மறைசாட்சி யுஸ்தீன் ஞாயிறு வழிபாட்டை விவரிக்கும்போது, அப்பமும் ரசமும் பகிரப்பட்டபின், வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் அதை எடுத்துச் சென்றார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.